கம்மி சம்பளத்துல முதல் வீடு: பிள்ளைக்கு எதுல கை கொடுக்கணும், எதுல கைய எடுத்துக்கணும்

போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி அக்கா போன் பண்ணாங்க. "தம்பி, இவன் வீடு அப்ளை பண்ணப் போறானாம், கல்யாணத்துக்குத் தேதியே குறிக்கல, அதுக்குள்ள வீடாம், சரி அது போகட்டும், என் சிபிஎஃப்ல கொஞ்சம் இருக்கு, அதை எடுத்து அவனுக்குக் குடுக்க முடியுமா, இல்ல என் பேரையும் வீட்டுல சேர்த்துக்கலாமா"ன்னு ஒரே மூச்சுல கேட்டாங்க. ரெண்டுக்கும் பதில் முடியாதுதான். சிபிஎஃப்ங்கறது சிங்கப்பூர்ல மாசச் சம்பளத்துல இருந்து சேர்க்கற சேமநிதி, வீட்டுக்கு உரிமையாளரா இருக்கறவங்க சிபிஎஃப்தான் அந்த வீட்டுக்குப் போகும், அம்மா சிபிஎஃப் பிள்ளை வீட்டுக்குப் போகாது. பேரைச் சேர்க்கலாம்னா அக்காவுக்கு ஏற்கெனவே உட்லண்ட்ஸ்ல ஒரு நாலறை வீடு இருக்கு, அதை விட்டாதான் இன்னொரு எச்டிபி வீட்டுல, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழக வீட்டுல, உரிமை. அதைவிட முக்கியம், அக்காவும் அத்தானும் அந்தக் காலத்துலயே அரசாங்கச் சலுகைல வீடு வாங்கினவங்க, அவங்க பேர் உள்ள வந்தா பையனோட "முதல் தடவை" அந்தஸ்து கலங்கிப்போயிடும்.

இந்த "முதல் தடவை" விஷயத்தைத்தான் நம்ம ஆளுங்க நிறைய பேர் சரியா புரிஞ்சுக்கறதில்ல. மத்த ஊர்ல பிள்ளைக்கு வீடு வாங்க உதவறதுன்னா முன்பணம் குடுக்கறதுதான், அப்பா அம்மா கையில காசு இருந்தா வீடு, இல்லன்னா வாடகை. சிங்கப்பூர்ல கம்மி சம்பளக்காரப் பிள்ளை கையில இருக்கற பெரிய சொத்து அவங்க இன்னும் ஒரு தடவைகூட சலுகை வாங்கலங்கற ரெக்கார்டுதான், அது பணமா மாறும்போது ஒரு லட்சத்தைக்கூடத் தாண்டலாம். அதை ஒழுங்கா செலவு பண்ண வைக்கறதுதான் பெரியவங்க பண்ற நிஜமான உதவி.

கொஞ்சம் பின்னாடி போய்ப் பாப்போம், ஏன்னா கதை தெரிஞ்சாதான் விதி புரியும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதான் எச்டிபி, 1960 பிப்ரவரில ஆரம்பிச்சது, அடுத்த வருஷம் மே மாசம் புக்கிட் ஹோ சுவீ கம்பத்துல பெரிய தீ, ஆயிரக்கணக்கான பேர் ஒரே நாள்ல வீடில்லாம போனாங்க, அதுக்கப்புறம் கட்டற வேகமே மாறிடுச்சு. ஆரம்பத்துல எல்லாம் வாடகை வீடுங்கதான். 1964ல சொந்த வீட்டுத் திட்டம் வந்துச்சு, ஆனா முன்பணம் கட்ட ஏழைங்ககிட்ட காசு ஏது, அதனால 1968ல சிபிஎஃப் பணத்தை எடுத்து வீட்டுக்குக் கட்டலாம்னு விட்டாங்க. அந்த ஒரு மாற்றம்தான் இன்னிக்கு வரைக்கும் எல்லாத்துக்கும் அடிப்படை. மாசச் சம்பளத்துல 20 சதவீதம் நம்மகிட்ட இருந்து, 17 சதவீதம் முதலாளிகிட்ட இருந்து, மொத்தம் 37. 35 வயசு வரைக்கும் இதுல சம்பளத்தோட 23 சதவீதம் சாதாரணக் கணக்குக்குப் போகுது, வீட்டுத் தவணை அங்கிருந்துதான் போகும். அதாவது நம்ம பிள்ளை கையில தொடாத காசுலயே வீட்டுக் கடன் அடையுது, சம்பளம் கம்மியா இருந்தாலும் இங்க வீடு வாங்க முடியறதுக்கு இதுதான் காரணம்.

சரி, இப்ப கிராண்ட். பேரு கொஞ்சம் நீளம், மேம்படுத்தப்பட்ட சிபிஎஃப் வீட்டு மானியம்னு சொல்லலாம், எல்லாரும் ஈஎச்ஜின்னுதான் சொல்றாங்க. 2019 செப்டம்பர்ல வந்தப்ப அதிகபட்சம் 80,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2024 ஆகஸ்ட் 20ல இருந்து தம்பதிக்கு 120,000 வெள்ளி, தனியா வாங்கறவங்களுக்கு 60,000. இது படிக்கட்டு மாதிரி. வீட்டு மொத்த வருமானம் 1,500க்குள்ள இருந்தா முழு 120,000, சம்பளம் ஏற ஏற இறங்கிட்டே வந்து 9,000 கிட்ட வெறும் 5,000தான், அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. நம்ம பையனும் பொண்ணும் சேர்ந்து 4,500 வாங்கறாங்கன்னா 70,000 கிடைக்கும். இது கடன் இல்ல, கையில குடுக்கற காசும் இல்ல, சிபிஎஃப் கணக்குல போட்டு வீட்டு விலைக்குக் கழிப்பாங்க.

இதுல ஒரு கண்டிஷன் இருக்கு பாருங்க, அதுலதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தராவது விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி 12 மாசம் விடாம வேலை பார்த்திருக்கணும், விண்ணப்பிக்கும்போதும் வேலைல இருக்கணும். வருமானத்தையும் அந்த 12 மாச சராசரியாதான் பாக்கறாங்க. "சூப்பர்வைசர் சரியில்ல, வேலைய விட்டுட்டு ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துக்கறேன்"னு ஒரு பையன் நினைச்சா, அந்த ரெண்டு மாச ரெஸ்டோட விலை சில சமயம் 70,000 வெள்ளி. சும்மா பயமுறுத்தல. கிடைக்காமலே போகும்னு இல்ல, திரும்ப 12 மாசம் எண்ணணும், அதுக்குள்ள நல்ல பேட்டைல வீட்டு விற்பனை ஒண்ணு ரெண்டு போயிடும், சம்பளமும் ஏறி கிராண்ட் கம்மியாயிடும். அக்கா பையன் ஏர்கான் டெக்னீஷியன், ஐடிஇ முடிச்சவன், 26 வயசு, போன வருஷம் கம்பெனி மாறணும்னு குதிச்சான். நான் சொன்னது ஒண்ணுதான், மாறு, ஆனா வெள்ளிக்கிழமை இங்க முடிச்சு திங்கக்கிழமை அங்க சேரு, நடுவுல ஓய்வு எடுக்காத.

டெலிவரி ஓட்டற பிள்ளைங்களுக்கு இது வேற மாதிரி. 2025 ஜனவரி 1ல இருந்து பிளாட்ஃபார்ம் தொழிலாளர் சட்டம் நடப்புல இருக்கு, 1995ல இல்ல அதுக்கப்புறம் பிறந்தவங்களுக்கு சிபிஎஃப் பங்களிப்பு கட்டாயம், கம்பெனியும் போடணும், விகிதம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். கையில வர்ற காசு குறையுதேன்னு பிள்ளைங்க முணுமுணுக்கறாங்க, நியாயம்தான், ஆனா வீடுன்னு வரும்போது அந்தக் காசுதான் முன்ன நிக்கும். சொந்தத் தொழில் பாக்கறவங்க வருமானத்தை வரித்துறைக்கு ஒழுங்கா காட்டியிருக்கணும், காட்டலன்னா எச்டிபிகிட்ட வந்து நான் இவ்வளவு சம்பாதிச்சேன்னு சொல்லி எப்படி நிரூபிக்கறது?

எல்லாத்துக்கும் முதல் படி எச்எஃப்இ கடிதம். 2023 மே மாசத்துல இருந்து இது இல்லாம ஒண்ணும் நடக்காது. சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைக்கான அடையாளம்) போட்டு உள்ள போயி விவரம் குடுத்தா வாங்கத் தகுதி இருக்கா, கிராண்ட் எவ்வளவு, எச்டிபி கடன் எவ்வளவு வரைக்கும்னு ஒரே கடிதத்துல வந்துடும். 9 மாசம் செல்லும். பேப்பர் எல்லாம் குடுத்தப்புறம் ஒரு மாசம்போல ஆகும், அதனால வீடு விற்பனைக்கு வந்தப்புறம் ஓடறதுல பிரயோஜனம் இல்ல. இந்தக் கடிதம் வாங்கறதுக்குக் காசு கிடையாது, கடிதம் வந்துட்டா கட்டாயமா வீடு வாங்கித்தான் ஆகணும்னும் இல்ல, சும்மா தெரிஞ்சுக்கவே போட்டுப் பாக்கலாம். வீட்டுல பெரியவங்க ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்தரம் பிள்ளை பக்கத்துல உக்காந்து இதை முடிக்க வச்சா போதும், பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

இப்ப நிஜமா ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம், கணக்கு போடாம பேசறதாலதான் எல்லாருக்கும் வயித்தெரிச்சல். பையன், பொண்ணு ரெண்டு பேரும் சேர்ந்து 4,500 வெள்ளி. ரெண்டு பேர் சிபிஎஃப் சாதாரணக் கணக்குலயும் சேர்த்து 25,000 இருக்குன்னு வச்சுப்போம். வடக்குப் பக்கம், ஸ்டாண்டர்ட் வகை, நாலறை பிடிஓ (முன்னாடியே அப்ளை பண்ணி, எச்டிபி கட்டிக் குடுக்கற புது வீடு), விலை 340,000. வெளியூர்ல இருந்து படிக்கறவங்களுக்கு, இங்க நாலறைன்னா ஹாலையும் எண்ணித்தான் நாலு, படுக்கையறை மூணு. கிராண்ட் 70,000 கழிச்சா 270,000. வீடு கட்டி முடிக்க மூணு நாலு வருஷம் ஆகும், அந்த நாலு வருஷமும் ரெண்டு பேருக்கும் சேர்த்து மாசம் 1,035 வெள்ளி சாதாரணக் கணக்குல ஏறிட்டே இருக்கும், அது கிட்டத்தட்ட 50,000. பழைய 25,000ஐயும் சேர்த்தா 75,000. முத்திரை வரி இந்த விலைக்கு 5,000 வெள்ளி, வக்கீல் செலவு கொஞ்சம், அதெல்லாம் போக 67,000 வீட்டுக்குப் போடறாங்கன்னா கடன் 203,000. எச்டிபி கடனுக்கு வட்டி 2.6 சதவீதம், 25 வருஷம், மாசத் தவணை சுமார் 920 வெள்ளி. சிபிஎஃப்ல மாசம் வர்றது 1,035. சம்பளத்துல கையில வர்ற காசுல இருந்து ஒரு வெள்ளிகூட எடுக்க வேண்டாம்!

அக்காகிட்ட இதை எழுதிக் காட்டினப்ப நம்பல. "அப்போ ஏன்டா எல்லாரும் வீட்டு விலை, வீட்டு விலைன்னு அழறாங்க"ன்னு கேட்டாங்க. அழறவங்களும் பொய் சொல்லல, அவங்க பாக்கறது மறுவிற்பனை விலை, அதாவது ஏற்கெனவே ஒருத்தர் வச்சிருக்கற எச்டிபி வீட்டை அவர்கிட்ட இருந்து வாங்கற விலை.

மறுவிற்பனைல கிராண்ட் இன்னும் ஜாஸ்திதான், அதுல சந்தேகம் இல்ல. ஈஎச்ஜி 70,000, அது போக குடும்பங்களுக்கான சிபிஎஃப் வீட்டு மானியம் நாலறை வரைக்கும் 80,000, அப்பா அம்மா வீட்டுல இருந்து 4 கிலோமீட்டருக்குள்ள வாங்கினா இன்னொரு 20,000, ஒரே வீட்டுல அவங்களோட சேர்ந்து இருந்தா 30,000. ரொம்பக் கம்மி சம்பளத் தம்பதிக்கு மொத்தம் 230,000 வரைக்கும் போகும். நம்ம ஜோடிக்கு 170,000. இருந்தாலும் 560,000க்கு ஒரு நாலறை மறுவிற்பனை வீடுன்னா, கழிச்சு மிச்சம் 390,000. சம்பளத்துல 30 சதவீதத்துக்கு மேல தவணைக்குப் போகக்கூடாதுங்கறது விதி, 4,500க்கு அது 1,350 வெள்ளி, அதுக்குக் கிடைக்கற கடன் சுமார் 285,000தான், ஏன்னா எவ்வளவு கடன் தாங்கும்னு பாக்கறப்ப 3 சதவீத வட்டில கணக்கு போடறாங்க. மீதி ஒரு லட்சத்துக்கு மேல எங்க போறது? அதனால நாலறை மறுவிற்பனை இந்தச் சம்பளத்துக்கு எட்டாது, அப்பா அம்மா ஒரு லட்சத்துக்குப் பக்கமா எடுத்து வச்சாதான் உண்டு. மூவறைன்னா எட்டும். 400,000ல 170,000 போனா 230,000, முத்திரை வரி 6,600ஐச் சேர்த்து கையில இருக்கற 25,000ஐக் கழிச்சா கடன் 212,000 கிட்ட, மாசம் 960 வெள்ளி போல. முடியும்.

முடியும்னு சொல்லிட்டு அப்படியே விட முடியாது, மறுவிற்பனைல ரெண்டு பள்ளம் இருக்கு. ஒண்ணு, மதிப்பீட்டுக்கு மேல கேக்கற காசு, சிஓவி. விலை பேசி முடிச்சப்புறம்தான் எச்டிபி மதிப்பீடு வரும், நாம 400,000க்கு ஒத்துக்கிட்டு மதிப்பீடு 385,000னு வந்தா அந்த 15,000 சிபிஎஃப்லயும் எடுக்க முடியாது, கடன்லயும் எடுக்க முடியாது, ரொக்கம்தான். கம்மி சம்பளக்காரப் பிள்ளைக்கு ரொக்கம்தான் தட்டுப்பாடே. அப்பா அம்மா குடுக்கற காசு நிஜமா வேலை செய்யற இடம் இது ஒண்ணு.

இன்னொண்ணு மூவறை வீடு வாங்கறவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது, ஆனா ஏஜென்ட் எல்லாரும் வாய் திறந்து சொல்றாங்கன்னு சொல்ல முடியாது. வீட்டுக் குத்தகை 99 வருஷம். வாங்கறவங்கள்ல சின்னவருக்கு 95 வயசு ஆகற வரைக்கும் மிச்சக் குத்தகை தாங்கணும், தாங்கலன்னா ஈஎச்ஜியும் முழுசா கிடைக்காது, சிபிஎஃப்பும் முழுசா எடுக்க முடியாது, விகிதத்துல குறைச்சுடுவாங்க. 25 வயசுப் பொண்ணுக்கு 70 வருஷம் மிச்சம் வேணும். தோ பாயோ, அங் மோ கியோ, குவீன்ஸ்டவுன் பக்கம் எழுபதுகள்ல கட்டின மூவறை வீடுங்க மலிவாதான் இருக்கும், ஆனா மிச்சம் 50 வருஷம் கிட்டதான். அம்பது வயசுல வாங்கற அங்கிளுக்கு அது சரியான வீடு, 25 வயசுக்கு இல்ல. மலிவுன்னு ஓடிப்போயி டெபாசிட் குடுத்தப்புறம் கிராண்ட் குறைஞ்சிருக்கறதைப் பாக்கறது கொடுமை, அதுக்குத்தான் எச்எஃப்இ கடிதம் வந்தப்புறமும் குறிப்பிட்ட வீட்டுக்குன்னு ஒரு தடவை கணக்கு போடணும்னு சொல்றது.

நம்ம ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு விஷயம் இருக்கு, இன ஒருங்கிணைப்புக் கொள்கை. 1989 மார்ச் 1ல இருந்து ஒவ்வொரு புளோக்குக்கும் பேட்டைக்கும் இன அளவு உண்டு. இந்தியர் மற்றும் மற்றவங்களுக்கு 2010ல இருந்து பேட்டைக்கு 12 சதவீதம், புளோக்குக்கு 15 சதவீதம். ஒரு புளோக்ல நம்ம அளவு நிரம்பிடுச்சுன்னா அங்க ஒரு தமிழ்க் குடும்பம் வீடு வாங்கணும்னா விக்கறவரும் அதே இனப் பிரிவா இருக்கணும். கோயில் பக்கம், தமிழ்ப் பள்ளி பக்கம், அண்ணன் வீட்டுப் பக்கம்னு ஆசைப்பட்டு வீடு பாத்து, விலையும் பேசிட்டு, கடைசில அளவு இல்லன்னு தெரிஞ்சா அலைஞ்ச அலைச்சல் எல்லாம் வீண். எச்டிபி தளத்துலயே புளோக் நம்பர் போட்டுப் பாத்துக்கலாம், மாசா மாசம் 1ஆம் தேதி புதுப்பிப்பாங்க.

இதுல தலைகீழா ஒரு பக்கமும் இருக்கு. சீன அளவு நிரம்பின புளோக்ல ஒரு தமிழர் வீட்டை விக்கணும்னா சீனருக்கு விக்க முடியாது, வாங்க வர்ற கூட்டமே குறைஞ்சுடும், விலையும் இறங்கும். வாங்கற நம்ம பிள்ளைக்கு அது நல்ல பேரம். ஆனா பத்து வருஷம் கழிச்சு அவன் விக்கப் போகும்போது அதே சுவர் அவன் முன்னாடியும் நிக்கும். விக்கவே முடியாம தவிக்கறவங்களுக்கு எச்டிபி திரும்ப வாங்கிக்கற ஒரு வழிய 2022ல கொண்டு வந்தாங்க, இருந்தாலும் வாங்கும்போது கிடைச்ச மலிவை முழு லாபம்னு எண்ணிக்க வேண்டாம். அந்த வீட்டுலயே காலத்துக்கும் இருக்கப் போறவங்களுக்கு எடுக்கலாம், அஞ்சு வருஷத்துல மாத்தணும்னு நினைக்கறவங்களுக்கு வேண்டாம், இது என் கருத்து.

ஊர்ல இருந்து பொண்ணு எடுக்கறவங்க, மாப்பிள்ளை எடுக்கறவங்க கதை வேற. துணை நிரந்தரவாசியா இருந்தா பிடிஓ வாங்கலாம், 10,000 வெள்ளி கூடுதலா கட்டணும், அவங்க பின்னாடி குடியுரிமை வாங்கினா திரும்பக் கேட்டு வாங்கிக்கலாம். துணை வெறும் நீண்டகால பாஸ்ல இருந்தா புது வீடுன்னா ஈரறை ஃபிளெக்ஸிங்கற ரொம்பச் சிறிய வகை மட்டும்தான், இல்லன்னா மறுவிற்பனை, கிராண்டும் தனியாள் அளவுக்குத்தான், பாதி. தஞ்சாவூர்ல இருந்து பொண்ணு வந்து மூணு வருஷம் மாமியார் வீட்டு ஹால்ல பாய் போட்டுப் படுக்கற குடும்பங்களை எனக்கே தெரியும், அவங்க சோம்பேறித்தனத்தால இல்ல, விதி அப்படி. கல்யாணம் பேசும்போதே இதையும் பேசணும், ஜாதகத்தை மட்டும் பாத்தா பத்தாது.

கல்யாணம்னு வந்துட்டதால அந்தச் சண்டையையும் சொல்லிடறேன். சிங்கப்பூர்ல பசங்க பொண்ணுகிட்ட "என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியா"ன்னு கேக்கறதில்ல, "பிடிஓ அப்ளை பண்ணலாமா"ன்னுதான் கேக்கறாங்கன்னு ஒரு பழைய ஜோக் உண்டு. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இது ஜோக் இல்ல, நிச்சயமே ஆகல, ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்தா? ஆனா காத்திருக்கறது நாலு வருஷம், கல்யாணம் முடிச்சுட்டு அப்ளை பண்ணா முதல் குழந்தை நடக்க ஆரம்பிச்சப்புறம்தான் சாவி. நிச்சயிக்கப்பட்டவங்க திட்டத்துல போட்டா சாவி வாங்கி மூணு மாசத்துக்குள்ள திருமணப் பதிவுச் சான்றிதழ் குடுத்தா போதும். பயம் ஒண்ணுதான், நடுவுல பிரிஞ்சுட்டா. வீடு தேர்ந்தெடுத்துட்டு கையெழுத்துக்கு முன்னாடி விட்டா நாலறைக்குக் கட்டின 2,000 வெள்ளி போச்சு, ஒப்பந்தம் போட்டப்புறம் விட்டா விலையில 5 சதவீதம் போச்சு, 340,000க்கு அது 17,000, அதோட ஒரு வருஷம் திரும்ப அப்ளை பண்ண முடியாது. இதைப் பிள்ளைங்ககிட்ட மிரட்டலா இல்லாம கணக்கா சொல்லணும்.

இன்னும் படிச்சுட்டு இருக்கற, இல்ல தேசிய சேவைல இருக்கற ஜோடிக்கு ஒரு வசதி இருக்கு. ஒருத்தராவது முழுநேர மாணவராவோ தேசிய சேவையாளராவோ இருந்தா, இல்ல முடிச்சு 12 மாசத்துக்குள்ளன்னா, வருமானக் கணக்கைச் சாவி வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டுக்கலாம். 2024 ஜூன்ல இருந்து இந்த மாதிரி ஜோடிங்க ஒப்பந்தம் போடும்போது 2.5 சதவீதம் கட்டினா போதும். நல்லதுதான், ஆனா அப்ப சம்பளம் ஏறியிருக்கும், கிராண்ட் அந்த ஏறின சம்பளத்தைப் பாத்துத்தான். ரெண்டுல எது தேவலாம்னு ஒவ்வொரு வீட்டுக்கும் வேற வேற பதில் வரும்.

தனியா இருக்கற பிள்ளைங்களுக்கு 35 வயசு வரைக்கும் கதவு மூடிதான் இருக்கு, இதைச் சுத்தி வளைச்சுச் சொல்லி பிரயோஜனம் இல்ல. 35க்கு மேல ஈரறை ஃபிளெக்ஸி, 2024 அக்டோபர்ல இருந்து எந்தப் பேட்டைலயும் போடலாம், சம்பளம் 7,000க்குள்ள இருக்கணும். அதுவரைக்கும் அப்பா அம்மா வீட்டுலதான், அந்த வருஷங்கள்ல சிபிஎஃப் தொடாம வளர்ந்துச்சுன்னா பின்னாடி பெரிய பலம்.

சரி, அக்கா கேட்டதுக்கு வருவோம், என்னதான் பண்ணலாம். முதல்ல பண்ணக்கூடாதது. அக்கா ஒரு யோசனை சொன்னாங்க, அவங்க வீட்டை வித்துட்டு இன்னொரு மறுவிற்பனை வீடு வாங்கும்போது சின்னவன் பேரை குடியிருப்பாளரா போட்டுக்கலாம்னு. குடும்பமா காட்டறதுக்கு அவசியமான ஆளா ஒரு பிள்ளை பேரைப் போட்டா, குறைந்தபட்ச குடியிருப்புக் காலம் முடியற வரைக்கும் அந்தப் பிள்ளை தனியா வீடு வாங்க முடியாது. ஸ்டாண்டர்ட் வீட்டுக்கு அஞ்சு வருஷம், நல்ல இடத்துல இருக்கறதால பிளஸ், பிரைம்னு வகைப்படுத்தின வீடுங்களுக்கு பத்து. 22 வயசுப் பையனை அப்படிக் கட்டிப்போட்டுட்டா அவன் 27 வரைக்கும் கையக் கட்டிட்டு நிக்கணும். அதே மாதிரி குலுக்கல்ல கியூ நம்பர் நல்லா வந்து வீடு தேர்ந்தெடுக்கக் கூப்பிட்டா, மாடி பிடிக்கல, திசை பிடிக்கலன்னு அம்மா வேண்டாம்னு சொல்லக்கூடாது. 2023 ஆகஸ்ட்ல இருந்து ஒரு தடவை வாய்ப்பு வந்தும் எடுக்காம விட்டாலே ஒரு வருஷத்துக்கு முதல் தடவைக்கான முன்னுரிமை போயிடும். வாஸ்து பாக்கறவங்க அப்ளை பண்றதுக்கு முன்னாடி படத்தைப் பாத்து முடிவு பண்ணிக்கணும்.

பண்ணக்கூடியதுல பெருசு, வாடகை வாங்காம சோறு போட்டு வீட்டுல வச்சுக்கறது. அது நாலு வருஷம். ஒரு அறை வெளில எடுத்தா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும், அந்தக் காசு ரொக்கமா சேரும். ரொக்கம் எதுக்கு? பிடிஓ வீடு கைக்கு வரும்போது வெறும் பெட்டி மாதிரிதான் இருக்கும், அலமாரி, விளக்கு, அடுப்பு, ஏர்கான் எதுவும் இருக்காது, கூடுதல் காசு குடுத்து முன்னாடியே கேட்டிருக்கலன்னா அறைங்களுக்குத் தரை ஓடுகூட கிடையாது. இதுக்கு சிபிஎஃப்ல ஒரு காசு எடுக்க முடியாது. பேங்க் ரெனவேஷன் லோன் 30,000 வரைக்கும் குடுக்கும், வட்டி வீட்டுக் கடனைவிட ஜாஸ்தி. அப்பா அம்மா கையில 20,000 இருந்தா இங்க குடுங்க. இந்த ஊர்ல பிள்ளைக்குக் குடுக்கற அன்பளிப்புக்கு வரியும் இல்ல. அதைக் கொண்டுபோய் ஹோட்டல் கல்யாணத்துல போடணும்னா அது உங்க இஷ்டம், நான் பெருமாள் கோயில்ல தாலி கட்டி எல்லாருக்கும் வாழை இலைல சாப்பாடு போட்ட கல்யாணம் ஒண்ணுலதான் மனசார சாப்பிட்டிருக்கேன்.

கடனை எங்க எடுக்கறதுங்கறதுல பெரிய யோசனை தேவையில்ல. இந்தச் சம்பளத்துக்கு எச்டிபி கடன்தான். பேங்க்ல வட்டி சில வருஷம் 2.6க்குக் கீழ போகும், ஆனா பேங்க் கடன்ல விலையில 5 சதவீதமாவது ரொக்கமா வைக்கணும், ஒரு தடவை பேங்குக்குப் போயிட்டா திரும்ப எச்டிபிக்கு வர முடியாது. ரெண்டுலயும் இப்ப 75 சதவீதம்தான் உச்சம், எச்டிபி 80ல இருந்து 75க்கு இறக்கினது 2024 ஆகஸ்ட்ல. எச்டிபி கடன் எடுக்கும்போது கணக்குல மிச்சம் இருந்தா ஆளுக்கு 20,000 வெள்ளி வரைக்கும் வச்சுக்கலாம், எடுக்காதீங்க, வேலை போனா ஒருத்தரோட 20,000 மட்டுமே ரெண்டு வருஷத் தவணைக்குப் பக்கமா தாங்கும். பைக் லோன், கிரெடிட் கார்டு பாக்கி எல்லாத்தையும் எச்டிபி பாக்கும், கல்யாணத்துக்கு முன்னாடி புது பைக் எடுக்கற ஆசைய கொஞ்சம் தள்ளி வைக்கணும்.

இன்னொரு விஷயம், இதை வீடு விக்கும்போதுதான் எல்லாரும் கண்டுபிடிக்கறாங்க. சிபிஎஃப்ல எடுத்த காசை வீடு வித்ததும் திரும்ப வைக்கணும், சும்மா இல்ல, 2.5 சதவீத வட்டியோட, ஏன்னா அது கணக்குல இருந்திருந்தா அவ்வளவு வளர்ந்திருக்கும். 100,000 எடுத்தா பத்து வருஷத்துல 128,000. வாங்கின கிராண்டும் அப்படித்தான் திரும்பப் போகும். வெளில யாருக்கும் போகல, அவங்க கணக்குக்கேதான் போகுது, ஆனா "வீட்டை வித்தா கையில இவ்வளவு நிக்கும்"னு கனவு காணற பிள்ளைங்களுக்கு இதை முன்னாடியே சொல்லி வைக்கணும்.

அக்கா பையனுக்கு எச்எஃப்இ கடிதம் வந்துடுச்சு, நான் போட்ட கணக்குக்குப் பக்கமாதான் இருந்துச்சு. வடக்குல வந்த விற்பனைல நாலறைக்குப் போட்டான், கியூ நம்பர் வீட்டு எண்ணிக்கைய விட ரெண்டு மடங்கு, முன்னாடி இருக்கறவங்க நிறைய பேர் விட்டாதான் இவனுக்கு வரும். அக்கா செரங்கூன் ரோட்டுல வீரமாகாளியம்மன் கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டு வந்து "அடுத்த தடவை மூவறைக்கும் போடச் சொல்லலாமா"ன்னு கேட்டாங்க. ஒரு விற்பனைல ஒண்ணுக்குத்தான் போட முடியும்க்கா, அடுத்த தடவை எதுக்குப் போடறதுன்னு அவங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணட்டும்னு சொன்னேன். சரின்னாங்க, ரெண்டு நிமிஷம் கழிச்சு, "மூவறைல பூஜை ரூம் வைக்க இடம் இருக்குமா?"